எட்டுப் புதினா மிட்டாய்

டல்வோரி ஊர் மன்றத்தின் கதவை ஒரு செப்டம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை மாலையில் நான் தள்ளித் திறந்தபோது, நடனம் தெரியாதவளாக உள்ளே நுழையவில்லை. ஸ்காட்லாந்தில் பள்ளிக்குச் சென்ற எவரும் நடனம் தெரியாதவர் அல்லர். டிசம்பர் பிறந்ததும் உடற்பயிற்சி ஆசிரியர் பையன்களை ஒரு சுவரோரமும் பெண்களை எதிர்ச் சுவரோரமும் நிறுத்தி, விருப்பமில்லாத கைகளைக் கோக்க வைத்து, கிறிஸ்துமஸ் விருந்துக்குள் நான்கு நடனங்களையேனும் உடம்பில் ஏற்றிவிடுவார். அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் நாற்பது திருமணங்களில் ஆடியிருக்கிறேன்; அவற்றுள் இரண்டு என்னுடையவை.

அதோடு நான் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். டல்வோரியிலிருந்து ஏரியின் கோடி வீடுவரை பதினாறு மைல், ஒற்றைத் தடச் சாலை. எதிரே மரக்கட்டை ஏற்றிய லாரி வந்தால் என் வண்டி எங்கே முடிகிறது, அவன் வண்டி எங்கே தொடங்குகிறது என்பது எனக்கு விரற்கடைக் கணக்கில் தெரியும். எட்டுப் பேருக்கு நடுவே வளைந்து திரும்புவது எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

அன்று மன்றத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். நடனம் சொல்லிக்கொடுத்தவர் இஷ்பெல் டல்லக். மாவட்டப் பதிவாளராக இருந்தவர். ஊரில் பாதிப் பேருடைய பிறப்பையும் கால்வாசிப் பேருடைய மணமுறிவையும் அறிந்தவர் என்பதால் அவரிடம் யாரும் வாதாடுவதில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எனக்கு ஜோடியாகக் கால்நடை மருத்துவர் முர்டோ லேங்கை நிறுத்தினார். முர்டோ ஐம்பது வயதுக்காரர், உயரம், ஒல்லி, பேசுவதற்கு முன்பு கண்ணாடியைத் துடைப்பவர்.

ஒலிநாடாவில் அக்கார்டியன் ஒரு நீண்ட சுரத்தை எழுப்பியது. நான் கிளம்பிவிட்டேன். நான்கு எட்டு வைத்த பிறகுதான், என்னைத் தவிர எல்லாரும் நின்ற இடத்திலேயே தலை குனிந்து வணங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

"எங்கம்மா போற?" என்றார் கசாப்புக்கடை வாட்டி. "பஸ்ஸு இன்னும் கிளம்பல. அந்த மொத சுரம் கும்பிடறதுக்கு. அடுத்ததுதான் ஆடறதுக்கு."

"ஸ்டாப்புல ஆள் ஏறறதுக்குள்ள எடுத்துட்டாளே," என்றாள் அவருடைய மனைவி எஃபி.

இரண்டாம் முறை சரியான நேரத்தில் கிளம்பினேன். முர்டோவைச் சுற்றிவர வேண்டிய இடம் வந்தது. திருமண வீடுகளில் நாங்கள் எப்படிச் சுற்றுவோமோ அப்படியே, முழங்கையில் முழங்கை கோத்து, உடல் எடை முழுவதையும் பின்னே சாய்த்து, ஒரு சுழற்று சுழற்றினேன். டாக்டரின் பாதங்கள் தரையை விட்டன. அவருடைய கண்ணாடி தேநீர் அண்டாவின் பக்கம் பறந்து போய் விழுந்தது.

இசையை நிறுத்திவிட்டு இஷ்பெல் வந்தார். "ரோனா. இங்க யாரையும் தூக்கி எறியறதில்ல. கை குடுக்கறோம், கண்ணைப் பாக்கறோம், விட்டுடறோம்."

"முப்பது வருஷமா நான் இப்படித்தான் ஆடறேன்."

"அப்ப முப்பது வருஷமா தப்பா ஆடிருக்க. பரவால்ல. உக்காந்துடாத, மறுபடி நில்லு."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அடுத்த செவ்வாய்க்கிழமையும் போனேன். தவறைத் தவறென்று சொல்லி, உடனே மறுபடி நிற்கவும் சொல்லும் இடங்கள் இந்த நாட்டில் அதிகம் இல்லை.

நவம்பருக்குள் எனக்கு அடி பிடிபட்டுவிட்டது. நடனத்தின் அமைப்பும் புரிந்துவிட்டது. நான்கு ஜோடிகள், ஆண்கள் ஒரு கோட்டிலும் பெண்கள் எதிர்க்கோட்டிலும் முகம் பார்த்து நிற்பார்கள், நடுவே ஒரு சந்து. இசை வரும் பக்கம் வரிசையின் தலை, கதவுப் பக்கம் வால். தலையில் நிற்கும் ஜோடி ஒரு சுற்றை ஆடி முடிக்கும்போது ஓரிடம் கீழே இறங்கியிருக்கும். அங்கிருந்து இன்னொரு சுற்று ஆடிவிட்டு வாலுக்குப் போய்விடும். அடுத்த ஜோடி தலைக்கு வரும். ஜோடிக்கு இரண்டாக மொத்தம் எட்டுச் சுற்று. எட்டும் முடியும்போது எல்லாரும் தொடங்கிய இடத்திலேயே நிற்பார்கள். இசை ஓயும், வணங்குவார்கள்.

ஆகவே வாலில் நிற்பவர் ஆறு சுற்றுகளைப் பார்த்துவிட்டு ஆடுகிறார். தலையில் நிற்பவருக்குப் பார்த்துக்கொள்ள முன்னால் எவரும் இல்லை. "வரிசை பிடிங்க" என்று இஷ்பெல் சொன்னவுடன் அந்தக் கூடத்தில் நிகழ்வது இதனால்தான் நிகழ்கிறது. எஃபிக்குக் கொண்டை ஊசி கழன்றுவிடும். வாட்டிக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும். முர்டோ லேங் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டத் தொடங்குவார். எங்கள் காலணி மெல்லிய தோலால் ஆனது; கயிறு நீளம்; கணுக்காலைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். அவர் அதைக் கட்டி நிமிர்வதற்குள் மூன்று இடங்களும் நிரம்பி, வால் மட்டும் காலியாக இருக்கும். ஒரு மாலையில் ஏழு நடனங்கள். ஏழு முறையும் அந்தக் கயிறு அவிழ்ந்தது.

தேநீர் வேளையில் நேராகவே கேட்டேன். "டாக்டரே, உங்க ஷூவுக்கு என்ன வியாதி?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "ஒம்பது வருஷம் முன்னாடி, மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ல ஒரு பெரிய டான்ஸு. நான் தலையில நின்னேன். இடது பக்கம் திரும்பணும். வலது பக்கம் திரும்பிட்டேன். பின்னாடி வந்தவங்களும் என்னை நம்பித் திரும்பிட்டாங்க. அப்புறம் எட்டு பேரும் வாசப்படியில மாட்டின மாடுங்க மாதிரி அப்படியே நின்னோம். பாட்டு மட்டும் ஓடிட்டே இருந்துது."

"அவ்வளவுதானா? பசு வயித்துக்குள்ள தோள் வரைக்கும் கைய விடற ஆளு நீங்க."

"நான் தப்பு பண்ணினா பசு என்னை மட்டும்தான் உதைக்கும், ரோனா. இங்க ஏழு பேரைக் கூட்டிட்டுப் போய்ப் பள்ளத்துல தள்ளணும்."

பிறகு, கேட்காமலே, கோட்டுப் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். முன்பக்கங்களில் தடுப்பூசித் தேதிகள். பின்பக்கங்களில் சிறுசிறு வட்டங்களும் சதுரங்களும், அவற்றிடையே அம்புக்குறிகளும். வட்டம் பெண், சதுரம் ஆண். பசு கன்று ஈனக் காத்திருந்த நேரங்களில், தொழுவத்தில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, அவர் ஒரு புதிய நடனத்தை வரைந்திருந்தார். பதினான்கு ஆண்டுகளாக அழித்து அழித்து எழுதிய ஒரே நடனம். யாரும் அதை ஆடிப் பார்த்ததில்லை.

"இது எங்கயோ உடையுது," என்றார். "எங்கன்னு தெரியல."

அதற்கடுத்த வாரம் இஷ்பெல்லின் அனுமதியோடு ஆடிப் பார்த்தோம். எங்கே உடைகிறது என்பது பத்து வினாடியில் தெரிந்துபோயிற்று. முதல் ஜோடி கைகோத்துச் சந்தின் வழியே கீழே இறங்குகிறது. அதே வேளையில் மூன்றாம் ஜோடி மேலே ஏறுகிறது. நடுவே இரண்டும் ஒன்றையொன்று கடந்தாக வேண்டும். தாளில் அம்புக்குறிகள் கடந்துவிட்டன. கூடத்தில் என் தோள் வாட்டியின் வயிற்றில் மோதியது.

"டாக்டர், என் தொப்பைக்கும் உங்க டான்ஸுக்கும் ஒத்து வரல," என்றார் வாட்டி மூச்சு வாங்க. "ரெண்டுல ஒண்ணைக் குறைக்கணும்."

"டான்ஸைக் குறைங்க," என்றாள் எஃபி. "தொப்பை குறையறது ஆகாத காரியம், இருவது வருஷமா பாக்கறேன்."

முர்டோ குறிப்பேட்டை மூடினார். அந்த மூடும் ஓசை எனக்குப் பிடிக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் வாளியின் மேல் உட்கார்ந்தவர், பத்து வினாடியில் அதைக் கைவிடத் தயாராக இருந்தார்.

"இருங்க," என்றேன். "இது ஒத்தைத் தட ரோடு. எதிரெதிரா ரெண்டு வண்டி வந்தா ரெண்டும் எப்படிப் போகும்? ஒருத்தர் ஒதுங்கணும். மூணாவது ஜோடி ஏறி வர்றாங்க, எங்களைப் பாத்ததும் ஆளுக்கொரு பக்கமா ஒதுங்கி நிக்கறாங்க. நாங்க நடுவுல போயிடறோம். அப்புறம் அவங்க ஏறட்டும்."

"நிக்கறதா?" என்றார் இஷ்பெல். "பாட்டு ஓடறப்ப சந்து நடுவுல சும்மா நிக்கறதா?"

"சும்மா இல்ல. ஒதுங்கினவங்களுக்கு நாம ரோட்டுல என்ன பண்ணுவோம்? அவங்க நமக்கு என்ன பண்ணுவாங்க?" நான் ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல இரு கைகளையும் வைத்து, ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்திக் காட்டினேன்.

எங்கள் சாலையில் வழிவிட்டவருக்கு நன்றி அந்த ஒற்றை விரல்தான். அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் அன்று மாலை அங்கே வந்து சேர்வதற்குள் அந்த விரலைப் பத்து முறையாவது உயர்த்தியிருப்பார்கள். இஷ்பெல் தம் கையைப் பார்த்தார், விரலை உயர்த்தினார், தாழ்த்தினார்.

"ஒரே ஒரு விரல்," என்றார். "கைய முழுசா ஆட்டினா டூரிஸ்ட்டுன்னு அர்த்தம். எடுத்துக்குங்க முர்டோ, மொதல்லேர்ந்து."

அன்று நாங்கள் அதை ஐந்து முறை ஆடினோம். உடையவில்லை. முர்டோ பழைய பெயரை அடித்துவிட்டு, வண்டி ஒதுங்கும் இடங்களைக் காட்டும் சாலையோர வெள்ளைப் பலகைகளில் இருக்கும் சொற்களையே நடனத்துக்குத் தலைப்பாக எழுதினார்: 'வழிவிடும் இடம்'.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமைப் பிற்பகல் நடன விழாவுக்கான நிரலை இஷ்பெல் பிப்ரவரியில் படித்துக் காட்டினார். மூன்று பள்ளத்தாக்குகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். தேநீருக்கு முந்தைய நடனம் 'வழிவிடும் இடம்'. அரங்கேற்றம் என்பதால் ஒரே ஒரு வரிசை ஆடும். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் 'இன்னொரு முறை' என்று கேட்பார்கள். அப்போது எல்லாரும் எழுந்து ஆடலாம்.

"எழுதினவர்தான் தலையில நிக்கணும்," என்றார் இஷ்பெல். "அது வழக்கம். ஒண்ணு நெனப்புல வெச்சுக்குங்க முர்டோ. மொத தடவ வரிசை உடைஞ்சு போன டான்ஸை ரெண்டாம் தடவ யாரும் கேட்டதில்ல. என் அலமாரியில அப்படி இருவது கெடக்கு."

முர்டோவின் கை கண்ணாடிக்குப் போயிற்று. "வேற யாராவது நிக்கட்டுமே. நான் வால்ல நிக்கறேன். அங்கேர்ந்து பாத்தாத்தான் நல்லாத் தெரியும்."

"நிப்பாரு," என்றேன் நான். "நான் அவருக்கு ஜோடி."

இஷ்பெல் என்னைப் பார்த்தார். "நீ வந்து ஆறு மாசம்கூட ஆகல, பொண்ணு."

"பதினாறு மைலையும் ரிவர்ஸ்ல ஓட்டச் சொல்லுங்க, ஓட்டிக் காட்டறேன். இது முப்பது அடிக் கூடம்."

நான் சொன்னதை நான் முழுமையாக நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த நம்பிக்கைதான் எங்களை அந்தப் பிற்பகலுக்குக் கொண்டு சேர்த்தது. பிறகு நேர்ந்ததற்கும் அதுவே காரணம்.

விழா நாளில் கூடம் நிரம்பி வழிந்தது. ஜன்னல்களில் ஆவி படிந்திருந்தது. மேடையில் டாட் நெஸ்பிட் அக்கார்டியனும், அவருடைய தம்பி எக் டிரம்மும். மூன்றாம் நடனம் முடிந்து, நான்காவதான எங்கள் நடனத்துக்கு வரிசை பிடிக்கும் முன்பு, முர்டோவை நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய காலணிக் கயிற்றை நானே கட்டினேன். பனிக்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி பூட்டும்போது போடும் முடிச்சு அது.

"ரத்தம் ஓடல ரோனா."

"ரத்தம் ஓட வேணாம். நீங்க ஓடாம இருந்தாப் போதும்."

பிறகு மேடைக்குப் போனேன். தாளம் மிக விரைந்தால் முதல் திருப்பத்தில் முர்டோ தடுமாறுவார் என்று எனக்குத் தோன்றியிருந்தது. "டாட், கொஞ்சம் நிதானமா வாசிங்க. வயசான குதிரை ஏத்தத்துல போற மாதிரி."

"குதிரைக்கு யாரு ஜோடி? நீயா?" என்றார் டாட், சிரிக்காமல்.

எக் குனிந்து டிரம்மின் காலை முடுக்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்து முக்காலியில் வெள்ளைப் புதினா மிட்டாய்கள் ஒரே வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. மனிதருக்கு இனிப்பு பிடிக்கும் போலும் என்று நினைத்தேன். என் சட்டைப் பையிலும் அதே மிட்டாய் எப்போதும் இருக்கும். பேருந்தில் வயிறு புரட்டும் பிள்ளைகளுக்காக. நன்றியாக இருக்கட்டும் என்று ஒன்றை எடுத்து அந்த வரிசையின் கோடியில் வைத்துவிட்டு வந்தேன்.

நாங்கள் நின்றோம். தலையில் முர்டோவும் நானும். இரண்டாவதாகப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த சகோதரிகள் இருவர். ஆண் பக்கம் நின்றவள் அடையாளத்துக்குத் தோளில் நாடா கட்டியிருந்தாள். மூன்றாவதாக வாட்டியும் எஃபியும். வாலில் இஷ்பெல்லும் அவருடைய கணவரும். எனக்கு எதிரே முர்டோவின் முகம் மாவு பிசைந்த பலகையைப் போல வெளுத்திருந்தது. அவர் தம் காலணியைப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை.

முதல் சுரம் எழுந்தது. வணங்கினோம்.

முதல் சுற்றை நான்தான் ஓட்டினேன். அதை மறைப்பதற்கில்லை. திரும்ப வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் அரை நொடி முன்பாக என் கண் அங்கே போயிற்று. முர்டோவின் கண் என் கண்ணைத் தொடர்ந்தது. கால் கண்ணைத் தொடர்ந்தது. சந்தில் இறங்கினோம். வாட்டியும் எஃபியும் ஏறி வந்தார்கள், ஒதுங்கினார்கள், விரலை உயர்த்தினார்கள். நாங்களும் உயர்த்தினோம். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, கூடம் முழுவதும் பரவியது. அடையாளம் கண்டுகொண்ட சிரிப்பு. முர்டோவின் தோள்கள் ஓர் அங்குலம் இறங்கின. இரண்டாம் சுற்றில் அவர் என்னை நான்கு முறைதான் பார்த்தார். பிறகு நாங்கள் வாலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வாலில் நின்றபடி மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார் முர்டோ. தாம் தொழுவத்தில் வரைந்த வட்டங்களும் சதுரங்களும் கண்ணெதிரே மூச்சுவாங்கித் திரும்புவதை முதன்முறையாகப் பார்த்தார். அவருடைய உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. மூன்று, நான்கு, ஐந்து. சகோதரிகள் பிசகவில்லை. வாட்டி ஒருமுறை விரலுக்குப் பதிலாக முழுக் கையையும் ஆட்டினார். "டூரிஸ்ட்டு!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். ஏழு. எட்டாம் சுற்றில் இஷ்பெல் சந்தில் இறங்கிய நேர்த்தியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை.

எட்டும் முடிந்தது. எல்லாரும் தொடங்கிய இடத்தில் நின்றோம். நாங்கள் மறுபடியும் தலையில். உடையவில்லை, ஜெயித்துவிட்டோம். நான் வரிசையிலிருந்து இரண்டு எட்டு வெளியே வந்து, பார்வையாளர்களின் பக்கம் முகத்தைத் திருப்பி, தாராளமாக ஒரு வணக்கத்துக்குக் குனிந்தேன்.

இசை நிற்கவில்லை.

டாட் அடுத்த சுற்றின் முதல் அடியை வாசித்துவிட்டிருந்தார். எக்கின் கோல்கள் இறங்கிக்கொண்டிருந்தன. வழக்கத்தில் இல்லாத ஒன்பதாவது சுற்று தொடங்கிவிட்டது. தலையில் நிற்கும் ஜோடி ஆடியாக வேண்டும். அந்த ஜோடியில் பாதி வரிசைக்கு வெளியே குனிந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்தேன். என் முன்னால் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது என் உடம்பிலிருந்து சுத்தமாக நழுவிப்போயிருந்தது. சாலையில் முப்பது ஆண்டுகளாக எனக்கு ஒருமுறையும் நேராத ஒன்று அது: வண்டி நகர்கிறது, கை ஸ்டியரிங்கில் இல்லை.

"ரோனா. கை."

முர்டோ வரிசையின் குறுக்கே வந்திருந்தார். கையை நீட்டினார். நான் பற்றினேன். "இடது," என்றார், திரும்பினேன். "சுத்தி வா", வந்தேன். "இப்ப நடுவுல." இரண்டு அடி பிந்திவிட்டோம், அவர் அதை நீண்ட எட்டுகளால் சரிக்கட்டிக்கொண்டே என்னைச் சந்துக்குள் இறக்கினார்.

எதிரே வாட்டியும் எஃபியும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் வணங்கத் தொடங்கியிருந்தவர்கள்தான். திடுக்கிட்டு, பிந்தி, விழுந்தடித்துக்கொண்டு ஏறி வந்தவர்கள். ஒதுங்க வேண்டிய இடத்தை அவர்கள் கடந்துவிட்டிருந்தார்கள். நவம்பர் மாதத்து மோதல் இன்னும் மூன்று எட்டுகளில் காத்திருந்தது. இங்கே உடைந்தால் எட்டுச் சுற்றும் வீண். இஷ்பெல்லின் அலமாரியில் அது இருபத்தொன்றாவதாகிவிடும்.

முர்டோ என் கையை விட்டார். "ஒதுங்கு," என்றார்.

வழி எங்களுடையது. நடனத்தின்படி ஒதுங்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் எதிரே வருபவன் நிற்க மாட்டான் என்று தெரிந்தபின் வழி யாருடையது என்று கேட்டுக்கொண்டிருப்பவன் எங்கள் சாலையில் ஒரு பனிக்காலம்கூடத் தாங்க மாட்டான். நான் என் பக்கம் ஒதுங்கினேன். அவர் தம் பக்கம் ஒதுங்கினார். எங்கள் நடுவே வாட்டியும் எஃபியும் சரக்கு ரயிலைப் போலக் கடந்துபோனார்கள். முர்டோ லேங், நிமிர்ந்து நின்று, ஆள்காட்டி விரலை உயர்த்தினார்.

கடந்து போகிற போக்கில் வாட்டியும் விரலை உயர்த்தினார். அதைப் பார்த்த கூடத்தில் ஒருவர், பிறகு ஐவர், பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், மடியில் இல்லாத ஸ்டியரிங்கின் மேலிருந்து விரலை உயர்த்தினார்கள்.

கடைசி எட்டு அடிகளில் வரிசை மறுபடி சேர்ந்துகொண்டது. இசை நின்றபோது நாங்கள் இரண்டாம் இடத்தில் இருந்தோம். ஒரு நடனம் முடியும்போது முதல் ஜோடி ஒருநாளும் இருக்கக் கூடாத இடம். அங்கிருந்தே வணங்கினோம்.

கைதட்டலுக்கு நடுவே டாட் தம்பியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "எத்தன தடவ சொல்லிருக்கேன், எண்ணுடான்னு!"

"எண்ணித்தான்ணே வெச்சேன்! எட்டு!" எக் எழுந்துவிட்டார். "சுத்துக்கு ஒண்ணு எடுத்துப் பையில போடுவேன். முக்காலி காலியானா உனக்குத் தலையாட்டுவேன். இருவது வருஷமா ஒரு தடவ தப்பினதில்ல!" அவர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மிட்டாய்கள் முக்காலியின் மேல் கொட்டின. ஒன்று துள்ளி விழுந்து மேடையிலிருந்து உருண்டு கூடத்துக்குள் போயிற்று. அதைச் சேர்த்து ஒன்பது.

எனக்குக் காதுவரை சூடேறியது. "அதுல ஒண்ணு என்னுது," என்றேன். "உங்களுக்கு மிட்டாய் பிடிக்கும்னு நெனச்சேன்."

"எனக்கு அந்தக் கருமத்தைக் கண்டாலே ஆகாது," என்றார் எக்.

எஃபி சிரித்த சிரிப்பில் அவளுடைய கொண்டை ஊசி இம்முறை உண்மையாகவே கழன்று விழுந்தது. "ஆறு மாசத்துக்காரி பேண்டுக்கே கூடுதலா ஒரு ஸ்டாப்பு போட்டுட்டா!"

இஷ்பெல் சிரிக்கவில்லை. அவர் முர்டோவை நோக்கி வந்தார். "ஒம்பதாவது சுத்துல நீங்க பண்ணது தப்பு. வழி உங்களோடது. மூணாவது ஜோடிதான் ஒதுங்கணும்."

"தெரியும்," என்றார் முர்டோ. கண்ணாடியைத் தொடவில்லை.

"குறிப்பேடு இருக்கா?"

அவர் கொடுத்தார். இஷ்பெல் பென்சிலை எடுத்து, பதிவேட்டில் எழுதும் அதே நிதானமான எழுத்தில், அம்புக்குறிகளுக்குக் கீழே எழுதி, எங்களிடம் காட்டினார். 'ஒன்பது சுற்று. கடைசிச் சுற்றில் முதல் ஜோடி வழிவிடும்.'

"ஒம்பதா?" என்றேன். "அப்படி ஒரு டான்ஸும் கெடையாதே."

"இப்ப இருக்கு. நீதான கொண்டுவந்து வெச்ச?" என்றார். "ஆனா அடுத்த தடவ பேண்டுக்குப் பக்கத்துல போகாத."

அப்போதுதான் சுவரோரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. பிறகு காலால் தரையைத் தட்டும் ஓசையோடு பல குரல்கள். இன்னொரு முறை, இன்னொரு முறை. நாற்காலிகள் பின்னே தள்ளப்பட்டன. கூடம் முழுவதும் எழுந்து வரிசை பிடிக்கத் தொடங்கியது. தேநீர் அண்டாவைத் திறந்திருந்த பெண்மணி அதை மறுபடி மூடினார்.

நான் முர்டோவைத் தேடினேன். அவர் கூடத்தின் நடுவே குனிந்துகொண்டிருந்தார். நான் போட்ட அந்த முடிச்சையும் அவிழ்த்துவிட்டாரா என்று பார்த்தேன். முடிச்சு அப்படியே இருந்தது. அவர் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைப் புதினா மிட்டாயைப் பொறுக்கி எடுத்தார், தம் கட்டம்போட்ட கில்ட்டுப் பாவாடையில் துடைத்தார், மேடைக்குப் போய், எக் அடுக்கிக்கொண்டிருந்த எட்டின் கோடியில் அதை வைத்தார்.

பிறகு வரிசையின் தலைக்கு நடந்துபோய் நின்று, என்னைப் பார்த்து விரலை உயர்த்தினார்.